நம்மூருக்கு வந்த வெளிநாட்டுப் படங்கள்

"ஹாஸ்டல்ல ஓயாம படம் போட்டவன் நீதானப்பா, அதையே எழுது" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொல்லிவிட்டார். மெக்கானிக்கல் படித்தவனுக்கு சினிமா வரலாறு எதற்கு என்று மாணவத் தம்பி, தங்கைகள் சிரிக்க வேண்டாம். இதில் பாதி மெஷின் கதைதான்.

கோவையில் வெரைட்டி ஹால் ரோடு எல்லோருக்கும் தெரியும். அந்த ஹால் எது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தார். 1905ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் தாய்நாடு திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பைகாரா மின்சாரம் 1932ல்தான் வந்தது என்பதை ஈ.இ.இ. நண்பர்கள் கவனிக்கவும். அதற்கு முன்பே சொந்தமாக ஜெனரேட்டர் வைத்து ஓட்டியிருக்கிறார் மனுஷன்!

அந்த 1914ல் தமிழ்ப்படம் என்று ஒன்றே கிடையாது. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' அதற்குப் பிறகுதான். ஆக, நம்மூர் ஜனங்கள் முதன்முதலில் பார்த்ததே வெளிநாட்டுப் படம்தான். "அதெல்லாம் மெட்ராஸ்காரங்க சமாச்சாரம்" என்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்றைக்குப் படம் பேசாது. திரையில் வரும் எழுத்தும் புரியாது. ஆகவே கொட்டகையில் ஒருவர் நின்றுகொண்டு, ஓடுகிற படத்தின் கதையை உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். 1931ல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியதும் அவருடைய வேலை போயிற்று. எனக்கென்னவோ, நம்மூரில் உலகப்படம் பார்த்த கதை முழுக்க அந்த ஆளைத் திரும்பத் திரும்பத் தேடிய கதையாகவே தோன்றுகிறது.

1952ல் நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, மெட்ராஸ், டெல்லி, கல்கத்தா என்று போயிற்று. 'பைசைக்கிள் தீவ்ஸ்' போன்ற இத்தாலியப் படங்களை நம்மவர்கள் வாய் பிளந்து பார்த்தது அப்போதுதான். பெரிய நகரங்களோடு விழா முடிந்தது. சின்ன ஊர்க்காரன் என்ன செய்வான்? சங்கம் வைத்தான். 1947லேயே சத்யஜித் ரேயும் நண்பர்களும் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். 1959ல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து சம்மேளனம் ஆயின, ரே தலைவர். சேர்ந்த ஊர்களின் பட்டியலில் கல்கத்தா, டெல்லி, பம்பாய், மெட்ராஸ் இருப்பதில் ஆச்சரியமில்லை. ரூர்க்கி இருக்கிறது! கங்கைக் கால்வாய்க் கரையில் ஒரு சிறு ஊர். இன்ஜினியரிங் கல்லூரியால் பெயர் பெற்ற ஊர். எனக்குப் பெருமையாக இருக்காதா?

படம் எப்படி வரும்? பூனாவில் 1964ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. சங்கங்களுக்கு அங்கிருந்து படம் கொடுப்பார்கள். வெளிநாட்டுத் தூதரகங்களும் கொடுக்கும். எல்லாம் 16 எம்.எம். பிரிண்ட். கணக்கு போட்டுப் பாருங்கள்: ஒரு அடிக்கு 40 ஃபிரேம், வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால், நிமிடத்துக்கு 36 அடி. 1600 அடி ரீல் சுமார் 44 நிமிடம் ஓடும். 89 நிமிட 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஏறக்குறைய 3200 அடி. தியேட்டரில் ஓடும் 35 எம்.எம்.மில் அதே படம் 8000 அடி. 16 எம்.எம். என்பதால்தான் ஒரு ஆள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் வர முடிந்தது. ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள், அந்த இடைவெளியில்தான் விவாதமே சூடு பிடிக்கும்.

உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் சங்கக் காட்சிகளுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. "வெட்டாத படம்" என்று கேள்விப்பட்டே சந்தா கட்டியவர்களும் உண்டாம். போகட்டும், பெட்டி வந்த செலவுக்கு அவர்கள் பணமும் உதவியிருக்குமல்லவா!

பக்கத்து மாநிலத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். ஷிமோகா மாவட்டம், பாக்குத் தோட்டங்கள் நடுவே. அங்கே கே.வி.சுப்பண்ணா நாடகத்துக்காக 1949ல் தொடங்கிய 'நீநாசம்', 1973ல் திரைப்படச் சங்கமும் ஆரம்பித்தது. விவசாயிகள் உட்கார்ந்து இத்தாலியப் படமும் ஜப்பானியப் படமும் பார்த்தார்கள். படத்தைப் பற்றிக் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது, அதனால் நடந்தது. 1991ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நான் ஹாஸ்டலுக்கு வந்தது 2006ல். அப்போது பெட்டி, ரீல் எல்லாம் பழங்கதை. டி.வி.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும்தான். அதில் பாதி திருட்டுப் பிரதி என்பது ஊரறிந்த விஷயம். நகரத்தில் 'கோணங்கள்' திரைப்படச் சங்கம் ஞாயிறு மாலைகளில் படம் போட்டது. ஆனந்த விகடனில் செழியன் எழுதிய 'உலக சினிமா' தொடரைக் கத்தரித்து வைத்திருந்தவர்களும் எங்கள் விங்கில் உண்டு. படம் கிடைப்பது பெரிய பிரச்சினையாக இல்லை. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த, தமிழ் மீடியத்தில் படித்த ஒரு முதலாண்டுத் தம்பி சொன்னதுதான் பிரச்சினை:

"சப்டைட்டில் படிச்சா படம் போயிருதுங்ண்ணா, படம் பாத்தா சப்டைட்டில் போயிருது."

அவனைப் போல் பத்து இருபது பேர் இருந்தார்கள். இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு, கூச்சத்தில் வராமல் நின்றுவிடுவார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மட்டும் மிச்சம். பொள்ளாச்சிக்கார சீனியர் அண்ணன் ஒருவர் இதற்கு வழி கண்டார். படத்துக்கு முன்னால் பத்து நிமிடம், கதை நடக்கும் ஊர், ஆட்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நம்ம பாஷையில் சொல்வார். முடிவைச் சொல்ல மாட்டார். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) போட்ட இரவு மெஸ் ஹால் நிறைந்துவிட்டது. தங்கைக்கு ஷூ வேண்டுமென்றால் ஓட்டப்பந்தயத்தில் பையன் மூன்றாவதாக வர வேண்டும். முதலாவதாக வந்துவிடுகிறான். ஒருவன் ஜெயித்ததற்காக ஒரு ஹாலே கண் கலங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் சப்டைட்டிலை எவன் படித்தான்?

இன்றைய மாணவர்களிடம் கேட்டால் "எல்லாம் போன்லயே இருக்குங்க சார்" என்கிறார்கள். உண்மைதான். 'முபி' போன்ற தளம் 2019லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, ரூர்க்கிக்காரர்கள் கனவிலும் நினைக்காத வசதி. ஆனால் அந்த மாதிரிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் கிடைப்பது இன்றும் அபூர்வம். தாராபுரத்துத் தம்பி அன்று சொன்னதை இன்று ஒரு தங்கை தன் அறையில் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பாள். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சந்திப்பின் இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு, முறைப்படி உரிமை வாங்கி, செமினார் ஹாலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' போடுகிறோம். முன்னதாகப் பத்து நிமிடம் தமிழில் கதை சொல்ல இரண்டாமாண்டு சிவில் மாணவி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு வாருங்கள். நாற்காலி பத்தாது, முன்னாலேயே வந்துவிடுங்கள்.