சிங்களத் திரையிற் பேசாக் காதல்

முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அஃது உருவானதோ தென்னிந்தியாவிலுள்ள படப்பிடிப்பு நிலையத்தில். அதன்பின் பல்லாண்டுகள் சிங்களப் படங்கள் பெரும்பாலும் அந்த வார்ப்பிலேயே அமைந்தன. காதலர் பாடினர், தீயவன் குறுக்கிட்டான், உள்ளத்திற் கிடந்ததெல்லாம் உரத்த குரலிற் பேசப்பட்டது.

இவ்வழக்கை மாற்றியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956இல் ‘ரேகாவ’ மூலம் படக்கருவியைக் கிராமத்துக்குக் கொண்டு சென்ற அவர், 1963இல் ‘கம்பெரலிய’ படத்தை முற்றாகவே நிலையத்துக்கு வெளியில் எடுத்தார். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். அந்நாவலை எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கினார்.

தென்கரையோரக் கிராமமொன்றின் பெரிய வீட்டு மகள் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த பியல் அவளை விரும்புகிறான். அவள் நெஞ்சும் நெகிழ்கிறது. ஆயினும் குலமும் நிலையும் ஒவ்வாவென்று பெற்றோர் மறுக்க, அவள் வாய் திறந்திலள். உயர்குடியினனான ஜினதாசவை மணக்கிறாள். வறுமை வாட்ட, அவன் பொருள் தேடித் தூரதேசம் போகிறான். பியலோ கொழும்பில் வணிகத்தால் உயர்கிறான். கணவன் இறந்தான் என்ற செய்தி வந்தபின் நந்தா பியலை மணக்கிறாள். அச்செய்தி பிழையென்பதும், ஜினதாச பின்னரே மாண்டான் என்பதும் வெளிப்படுகின்றன. இருவருக்கிடையே இறந்தவனின் நிழல் விழுகிறது.

புண்யா ஹீந்தெனிய, ஹென்றி ஜயசேன, காமினி பொன்சேகா ஆகிய மூவரின் நடிப்பில் இம்முக்கோணம் உயிர்பெற்றது. ஆடல் பாடலும் சண்டையும் விலக்கப்பட்டன. பாட்டு இல்லாதவிடத்துப் பார்வை பேசிற்று.

அகப்பொருள் கற்ற தமிழர்க்கு இம்மௌனம் புதிதன்று. ஆங்கே தலைவி சொல்லாததைத் தோழி அறத்தொடு நின்று உரைப்பாள். நந்தாவின் இல்லத்திலோ எவர் சொல்லும் குலப்பெருமையை வெல்லவில்லை. ஆதலின், அவளது மௌனம் வெறும் நாணமன்று. செல்வம் தேய்ந்த பின்னும் பெருமையைக் கைவிட மாட்டாத ஒரு குடி, தன் மகளின் நாவிற் பூட்டிய பூட்டாகும். பழைய நிலவுடைமைக் குடி வீழ்ந்து புதிய வணிக வகுப்பு எழுந்த வரலாற்றை, ஒரு பெண்ணின் சொல்லாத சொல்லிற் காட்டியதே இப்படத்தின் பேறு.

1965இல் புதுடில்லி உலகத் திரைப்பட விழாவிலே ‘கம்பெரலிய’ தங்கமயில் விருதினைப் பெற்றது. உரக்கப் பேசியபோது எட்டாத உயரத்தை, மௌனத்தினாலே சிங்களத் திரை எட்டிற்று.