தலை கொய்யப்படும் மலர்கள்

ஒல்லாந்து தேசத்திலே ஹார்லெம் நகருக்கும் லெய்டன் நகருக்கும் இடையே, கடலோர மணற்குன்றுகளின் பின்புறமாக, ரியூலிப் வயல்கள் பரந்து கிடக்கின்றன. ஏப்ரல் மாத நடுப்பகுதியில் அங்கு செல்வோர், சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக வண்ணப் பாய்களை விரித்தாற் போன்ற காட்சியைக் காண்பர். சில நாட்கள் பிந்திச் செல்வோருக்கோ வேறொரு காட்சி காத்திருக்கும். மலர்கள் யாவும் கொய்யப்பட்டுக் குவிந்து கிடக்கும். வயலிலே தண்டும் இலையுமே எஞ்சி நிற்கும்.

முதன்முறை காண்பவர் திகைப்பது இயல்பே. ஆனால் அங்கே விளைபொருள் மலரன்று; மண்ணுக்குள் வெங்காயம் போலத் திரண்டிருக்கும் கிழங்கே. மலரை விதை பிடிக்க விட்டால் கிழங்கைச் சேரவேண்டிய ஊட்டம் குறைந்துவிடும். அப்படியாயின் பூக்க விடுவானேன்? இனம் மாறிய செடியையும் நோயுற்ற செடியையும் மலர் விரிந்த பின்னரே எளிதில் அடையாளங் காணலாம். கமக்காரர் வரிசை வரிசையாக நடந்து அவற்றைப் பிடுங்கி அகற்றுவர். அதன் பின்னரே மலர் கொய்வர். ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்கை அகழ்ந்து உலர்த்தித் தரம் பிரிப்பர். பார்க்க வருவோர் ஓரத்தில் நின்றே பார்த்தல் வேண்டும். உள்ளே மிதித்தால் பயிர் கெடுவதோடு நோயும் பரவும்.

நோய் என்றேன். அதற்கொரு விந்தையான வரலாறு உண்டு. துருக்கியரிடமிருந்து ஐரோப்பாவுக்கு வந்த இம்மலரை, 1593இல் லெய்டனுக்கு வந்த தாவரவியலறிஞர் குளூசியஸ் அங்குள்ள பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டே அது பூத்தது. பின்வந்த தலைமுறையில், தீச்சுடர் போன்ற கோடுகள் படர்ந்த மலர்களுக்கே செல்வர் பொருளை வாரியிறைத்தனர். அக்கோடுகள் ஒரு வைரசு நோயின் விளைவு என்பது 1928இல்தான் டொரதி கேலி என்னும் ஆங்கிலேய ஆய்வாளரால் வெளிப்பட்டது. அன்று பொன்னெனப் போற்றியதையே இன்று பிடுங்கி எறிகின்றனர்!

1636ஆம் ஆண்டு மாரியிலே கிழங்குகள் மண்ணுக்குள் கிடக்க, மதுச்சாலைகளிலே அவற்றுக்கான ஒப்பந்தங்கள் கைமாறின. கண்ணாற் காணாத பொருளின் விலை நாளுக்கு நாள் ஏறிற்று. 1637 பெப்ரவரி முதல் வாரத்தில் ஹார்லெமில் வாங்குவாரில்லை, விலை சரிந்தது. அதனால் நாடே நொடிந்தது என்று பின்னர் கதை கட்டினர். பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர், பாதிக்கப்பட்டவர் ஒரு சிறு வட்டத்தினரே என்கின்றனர். நொடிந்த நாடாயின், 21 ஆண்டுகளின் பின், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருக்குமா?

உண்மையான துயரம் 1944ஆம் ஆண்டு மாரியில் வந்தது. ஜேர்மானியரின் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்தைப் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். போரினால் விலைப்படாது தேங்கிக் கிடந்த ரியூலிப் கிழங்குகள் அன்று உணவாயின. தோலுரித்து, நடுவிலுள்ள நச்சு முளையை நீக்கி, அவித்தும் மாவாக அரைத்தும் மக்கள் உண்டனர். முன்னொரு காலத்தில் ஒரு வீட்டின் விலைக்கு விற்ற பொருளின் இனம் அது.

1950இல் லிஸ்ஸே என்னும் ஊரிலே கிழங்குச் செய்கையாளர் கூக்கன்ஹோவ் பூங்காவைத் திறந்தனர். அங்கே மலரைக் காட்டிக் கிழங்கிற்கு வாடிக்கையாளரைத் தேடுகின்றனர். அருகிலுள்ள வயல்களிலோ இப்போது இயந்திரங்கள் மலர்களைக் கொய்து செல்கின்றன.