காத்-குணி: பெயரும் சுவரும்

இமாசலப் பிரதேசத்து மலையூர்களின் பழைய கட்டுமுறை 'காத்-குணி'. காஷ்டம் என்னும் வடசொல்லின் திரிபு 'காத்'. கோணத்தின் திரிபு 'குணி'. மரம் மூலையில் கூடுவதே இதன் உயிர்நிலை என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

தேவதாரு உத்திரங்களும் சாந்தின்றி அடுக்கிய கற்களும் மாறிமாறி வரும். நிலம் அதிர்கையில் கற்கள் சற்றே நகர்ந்து அதிர்வை உள்வாங்கும். மூலையில் பூட்டிய மரங்கள் சுவரைப் பிரியவிடா. 1905 ஏப்ரல் 4 அன்று காங்ரா நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்; குலு பள்ளத்தாக்கின் நக்கர் கோட்டையோ நிலைத்து நின்றது.

இன்று தேவதாரு வெட்டக் கட்டுப்பாடு உண்டு. இவ்வேலை அறிந்த தச்சரும் அருகிவிட்டனர். கான்கிரீட் முகப்பில் பலகை ஒட்டினால் தோற்றம் கிடைக்கும். அதிர்வைத் தாங்கும் மூலை கிடைக்காது. ஆகவே களப்பணி செல்வோர் சொல்லைக் குறித்துக்கொள்வதோடு நில்லாது, முதிய தச்சர் மூலையைப் பூட்டும் முறையையும் பதிவுசெய்தல் வேண்டும்.