அட்டாலிக்கு ஜன்னல் வேணுமா? - ஒரு கொல்லிமலைப் பரணின் வரலாறு

கொல்லிமலைன்னதும் நம்ம மக்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவும், ஆகாய கங்கை அருவியும், வல்வில் ஓரியும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னிக்கு நான் எழுதப் போறது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு பரண். எங்க பக்கம் அட்டாலின்னு சொல்லுவோம்.

மலை மேல செம்மேட்டுப் பக்கம் என் நண்பர் ஒருத்தருக்குப் பூர்வீக வீடு இருக்கு. சீமை ஓட்டு வீடு. அட்டாலியில அவங்க அம்மா சாமை, தினை, கேழ்வரகு விதை வச்சிருக்காங்க. கூடவே பழைய கூடை, முறம், மிளகு மூட்டை. அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல ஆச்சு. ஒரு கையில டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஏணியைப் பிடிச்சு ஏறுறாங்க. 'கூரையில ஒரு கண்ணாடி ஜன்னல் வச்சா என்ன?'ன்னு நண்பர் கேட்டார். அம்மா ஒரேயடியா மறுத்துட்டாங்க. "வெதை இருட்டுலதான் தூங்கும் தம்பி"ன்னு என்கிட்டயும் சொன்னாங்க.

ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

பழைய மலை வீடுன்னா மண் சுவர், புல் வேய்ஞ்ச கூரை, வீட்டுக்குள்ளேயே விறகடுப்பு, அதுக்கு மேல பரண். அடுப்புப் புகை பரண் வழியா ஏறி, கூரைப் புல்லுக்குள்ள கசிஞ்சு வெளியே போகும். போற வழியில தானியத்தோட ஈரத்தை வாங்கிடும், பூச்சியை அண்டவிடாது, கூரைப் புல்லும் சீக்கிரம் மக்காது. மூங்கில்ல முடைஞ்சு சாணி மெழுகின தொம்பையில தானியம் இருக்கும். அடுத்த வருஷத்து விதைக்கான கதிர் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கும். அந்தப் பரண்ல யாரும் ஜன்னல் வைக்க மறந்துடலை. திறப்பு இருந்தா புகை நிக்காது. புகை நிக்கலைன்னா விதை நிக்காது. அவ்வளவுதான் கணக்கு.

நம்ம ஊர்க் கூரைக்கு வெளிச்சம் வந்தது ஓட்டோட. 1865ல மங்களூர்ல பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சார். ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு உட்காருற அந்த 'மங்களூர் ஓடு' தென்னிந்தியா முழுக்கப் பரவுச்சு. எல்லா ஓடும் ஒரே அச்சுங்கிறதால, அதே வடிவத்துல கண்ணாடியிலயும் ஓடு வார்க்க முடிஞ்சது. நம்ம வீடுகள்ல சமையக்கட்டுக்கு மேலயும் நடை வழிக்கு மேலயும் ஒண்ணு ரெண்டு கண்ணாடி ஓடு பார்த்திருப்பீங்க. நம்ம ஊர் 'கூரை ஜன்னல்' அதுதான்.

இன்னிக்கு வீட்டு இதழ்கள்ல அழகழகா வர்ற திறக்குற கூரை ஜன்னலுக்குப் பூர்வீகம் டென்மார்க். வில்லும் கான் ராஸ்முசன்ங்கிற பொறியாளர் 1940கள்ல கொண்டு வந்தது. வெலக்ஸ்ங்கிற கம்பெனிப் பேரே காற்றோட்டம், வெளிச்சம்ங்கிற ரெண்டு வார்த்தையை ஒட்டினதுதான். அங்க வெயிலே அபூர்வம். சும்மா கிடக்குற பரணை மனுஷங்க குடியிருக்குற அறையா மாத்த வெளிச்சம் தேவைப்பட்டுச்சு. நம்ம பரண்ல குடியிருந்தது விதை.

நிற்க. அம்மா சொன்ன 'இருட்டுத் தூக்க'த்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கா? ஓரளவு இருக்கு. ஹாரிங்டன்னு ஒரு அமெரிக்க விதையியல் அறிஞர் சொன்ன கட்டைவிரல் கணக்கு ஒண்ணு உண்டு. விதையோட ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு. வைக்கிற இடத்துச் சூடு 5 டிகிரி செல்சியஸ் குறைஞ்சாலும் ரெண்டு மடங்கு. ஆக, பயப்பட வேண்டியது வெளிச்சத்தைவிட அதோட சேர்ந்து வர்ற சூட்டுக்கும் ஈரத்துக்கும்தான். மார்கழிப் பனியில கண்ணாடி குளிர்ந்து உள்பக்கம் வேர்க்கும். அந்தச் சொட்டு தொம்பையில விழுந்தா முடிஞ்சது கதை. 2008ல நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துல திறந்த உலக விதைப் பெட்டகமும் மலையைக் குடைஞ்சு, மைனஸ் 18 டிகிரியில, இருட்டுக்குள்ளதான் இருக்கு. ஒரு வகையில அதுவும் ஒரு அட்டாலிதான் :-)

ஆனா அம்மாவோட வாதத்துல ஒரு கண்ணி விட்டுப் போச்சு. அடுப்பு! வீட்டுக்கு கேஸ் வந்து பல வருஷம் ஆச்சு. பரணைக் காத்த புகை இப்போ இல்லை. மிச்சம் இருக்கிறது இருட்டு மட்டும்தான். வெறும் இருட்டு விதையைக் காக்காது. அந்துக்கும் எலிக்கும் கூட அது வசதி.

இதுக்கு நடுவுல மலையோட வயலும் மாறிடுச்சு. மரவள்ளிக்குக் காசு கிடைச்சதும் சாமை, தினை நிலம் சுருங்குச்சு. 1990கள்லேர்ந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க ஊர் விதை வங்கிகளை உருவாக்க வேண்டிய நிலைமை வந்தது அதனாலதான். கான்கிரீட் கூரை வீடுகள் வந்த பிறகு புகைப் பரணுக்கு இடமும் இல்லாமப் போச்சு. அதனால ஒரு வீட்டு அட்டாலியில இன்னும் விதை இருக்குன்னா, அது சாதாரண விஷயம் இல்லை. அந்த விதையை வருஷா வருஷம் இறக்கி, காய வச்சு, பூச்சி பார்த்து, விதைச்சு, மறுபடி ஏத்தி வைக்கிற ஆள் அந்த அம்மா ஒருத்தர்தான். புகை போன பிறகு மிச்சம் இருக்குற ஒரே காவல் அவங்க. அவங்க ஏணியிலேர்ந்து தவறி விழுந்தா, அத்தோட விதையும் போச்சு.

அதனால நான் சொன்னது இது: சட்டம் போட்ட பெரிய ஜன்னல் வேண்டாம். ஓட்டை வெட்டி வச்சா சாரல் மழைக்கு ஒழுகும், அதைச் சரி பண்ண ஆள் மலை ஏறி வரணும். ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதும். ஏணி முடியுற இடத்துக்கு நேர் மேல, வடக்குச் சரிவுல. அங்க வருஷத்துல பாதிக்கு மேல நேர் வெயில் குறைச்சல். விதை எதிர் மூலையில, நல்லாக் காய வச்சு, காத்துப் புகாத டின்னுல. பல்பு ஒண்ணும் போடலாம், ஆனா மழைக்காலத்துல கரண்ட்டை நம்ப முடியாது. பிடிக்கலைன்னா கண்ணாடி ஓட்டை எடுத்துட்டுப் பழைய ஓட்டையே மாட்டிடலாம். பத்து நிமிஷ வேலை.

அம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க: கண்ணாடிக்குக் கீழ தொம்பை வரக்கூடாது, மிளகு மூட்டைதான் இருக்கணும். நியாயம்தானே?

உங்க ஊர்ல பரணுக்கு என்ன பேரு? அதுல இன்னும் விதை இருக்கா, இல்லை பழைய டிவி அட்டைப்பெட்டிதானா? சொல்லுங்க மக்களே.