ஓலைக்கும் அச்சுக்கும் இடையே: யாழ்ப்பாணத்தில் மரப்பேனையின் வரலாறு

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஓலைச்சுவடியினின்று நேரே அச்சுக்கூடத்துக்குத் தாவிச் சென்றுவிடுவர். அவ்விரண்டுக்கும் இடையில் முள் பொருத்திய மரக்கைப்பிடியை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிய கரங்கள் இருந்தன என்பதும், அக்கரங்கள் ஆக்கித் தந்த காகிதப் பிரதியைக் கண்முன் வைத்தே அச்சுக்கோப்போர் எழுத்தெடுத்தனர் என்பதும் அவர்களது கவனத்தினின்று நழுவிவிடுகின்றன. இவ்வெழுதுகோலுக்குரிய இடத்தை வரையறுப்பது அவசியமென்றே கருதுகிறேன்.

முன்னதாக எழுத்தாணியின் இயல்பை நோக்குவோம். மஞ்சளிட்டு அவித்து உலர்த்திய பனையோலையை இடக்கையிற் பிடித்து, அக்கையின் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் ஆணியின் நுனியைத் தாங்கி, எழுத்து முன்னேறுந்தோறும் ஓலையையே நகர்த்திச் செல்வது லிகிதர்களின் வழக்கம். ஆணி கீறுமேயன்றி மை சொரியாது. ஆகலின் எழுதி முடித்தபின் கரியும் இலைச்சாறும் கலந்து தடவியே எழுத்தைப் புலப்படுத்துவர். ஓலை கிழியுமென்னும் அச்சத்தால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விடுத்தனர். எகர ஏகார வேறுபாடும், காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடும் வாசிப்போனின் கல்வியறிவுக்கே விடப்பட்டன.

காகிதமும் இறகுப் பேனையும் இங்கு வேரூன்றியது உத்தியோக சாலைகளின் வாயிலாகவே. 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் காணிகளைத் தோம்புகள் எனும் பதிவேடுகளிற் பதிந்தனர். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பரிசோதித்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் 1707இல் எழுத்துருப் பெற்றது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மானிப்பாய் அகராதி. வண்ணார்பண்ணையிற் சைவ வித்தியாசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரத்தையும் நாட்டினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தபோது, கட்டவிழ்த்தால் ஓரம் முரிந்தும், புரட்டினால் துண்டுதுண்டாகியும் போகும் ஏடுகளினின்று பாடத்தை மீட்க நேர்ந்தது. அத்தகைய ஏட்டைப் பன்முறை தொடுதல் இயலாது. ஒருமுறை படித்ததைக் காகிதத்தில் இறக்கி, அதனையே ஒப்புநோக்கித் திருத்துவது தவிர வேறு வழியில்லை. தமிழ் நூல்கள் பிழைத்தமைக்கு அச்சுக்கு நாம் செலுத்தும் நன்றியில் ஒரு பாகம் பேனைக்கும் உரியதாகும்.

இறகின் இடத்தை இரும்பு முள் கவர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1820களில் பர்மிங்காம் நகரில் இயந்திரத்தாற் செய்யத் தொடங்கிய முட்கள், ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் முதலியோர் முயற்சியால் மலிந்து உலகெங்கும் பரவின. முள்ளை ஆக்க நீராவியால் இயங்கும் பெருந்தொழிற்சாலை வேண்டும். அதனைத் தாங்கும் மரத்தண்டுக்கோ ஒரு கடைசற்காரனின் பட்டறையே போதும். எதிரெதிரே நாட்டிய இரு குற்றிகளின் இரும்புமுனைகளுக்கிடையே மரத்தைப் பொருத்தி, அதிற் சுற்றிய கயிற்றை உதவியாளன் மாறி மாறி இழுக்க, மரம் தன்பால் வந்து சுழலும் வேளையில் மாத்திரமே உளியை ஒற்றி எடுப்பது நம் நாட்டுப் பழைய கடைசல் முறை.

கடைசலிற் சிறியதாயினும் பேனைத்தண்டு எளியதன்று. நார் நீளவாட்டில் ஓடாத மரம் விரல் அழுத்தத்தில் முரியும். நன்கு உலராதது முட்குழியருகே பிளக்கும். ஆதலால் அவ்வாயிற் பித்தளைப் பூணிடுவர். முள்ளுக்குச் சற்று மேலே தண்டு பருத்திருந்தாற்றான் மை படிந்த விரல்கள் வழுக்கி இறங்கா. பின்புறம் படிப்படியாக மெலிந்தாற்றான் பாரம் கையின் மேல் இசைவாய் அமையும். பனைவைரத்தின் அழகை நாடுவோன் பெரிதும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்: மென்மையான சோற்றிடையே கரிய வன்னார்கள் செறிந்த அம்மரத்தில் உளி சிறிது மழுங்கினாலும் நார் பிய்ந்து சிலாம்பெழும். கூரிய உளியாற் கடைந்து, சுழற்சி நிற்குமுன் அதன் சுருளையே கைப்பிடியாக அள்ளித் தண்டின்மேல் அழுத்தினால் அம்மரம் பெறும் மினுக்கு எம்மெருகுக்கும் குறைந்ததன்று. மரத்தை மினுக்க வேறு வழியும் உண்டு: மைசூர்ப் பிரதேசத்துச் சன்னபட்டணத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கோலை அழுத்தி, உரசும் வெம்மையால் அதனை உருக்கித் தாழைமடலால் தேய்த்து மினுக்குவர்.

மரத்தண்டை மூவிரல்களாற் பிடித்த கைக்குத் தமிழெழுத்தும் வேறு உருவில் வாய்த்தது. கீழிறங்கும் கோட்டில் முள் விரிந்து மை தடிக்கும், மேலேறுங்கால் மெலியும். ஆணியின் ஒருசீரான கீறலில் இல்லாத இவ்வேறுபாடு கொம்பின் சுழிக்கும் ணகரத்தின் வளைவுக்கும் புதிய பொலிவை அளித்தது. கிழியும் அச்சம் நீங்கியமையாற் புள்ளி கையெழுத்தில் நிலைபெற்றது. வீரமாமுனிவர் வகுத்தாரெனப்படும் இரட்டைக்கொம்பு எழுதுவோர் கையிலும் வழக்கமாயிற்று. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை, இரும்பு முள்ளை விரைவில் அரித்தது உண்மையே. ஆயினும் முள்ளைக் கழற்றி வேறொன்றைச் செருகத் தண்டு இடந்தந்தமையால், அரிக்கப்பட்ட முள் கழிந்தும் கைக்குப் பழகிய மரம் எஞ்சியது.

மை நிரப்பும் பேனையும் பின்னர் குமிழ்முனைப் பேனையும் இவ்வழக்கை வீழ்த்தின. எனினும் கடைசல் அறவே ஒழிந்ததெனல் பொருந்தாது. தமிழ்நாட்டுத் திருவள்ளூரில் எபொனைட் தண்டுகளைக் கையாற் கடைந்து பேனை ஆக்கும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. பூவரசும் வேம்பும் முதிரையும் பனையும் அறிந்த நம் தச்சர்கள் அத்தொழிலை மரத்தில் மேற்கொள்ள வேண்டுவது, உலர்ந்த துண்டொன்றும் கூரிய உளியொன்றும், வாங்குவோர் சிலருமே.