செயற்கைப் பல்லின் மூலப்பொருளும் மனிதப் பல் வணிகமும் (1774 – 1851)

இழந்த பல்லுக்கு மாற்றாக எதைப் பொருத்துவது என்னும் வினாவிற்கு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குலகில் மூன்று விடைகள் இருந்தன: விலங்குத் தந்தம், மனிதப் பல், பீங்கான்.

யானை, நீர்யானை ஆகியவற்றின் தந்தம் செதுக்குவதற்கு ஏற்றது. எனினும் உமிழ்நீரில் சிதைந்து நிறம் மாறி நாற்றமெடுக்கும். மனிதப் பல் தோற்றத்தில் இயல்பானது. ஆயின் ஒருவர் வாய் நிறைய மற்றொருவர் வாய் வெறுமையாக வேண்டும். வறியோர் தம் பற்களை விற்றனர். பிணங்களிலிருந்தும் பற்கள் பிடுங்கப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டனின் 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், 9 பற்களுக்காகக் கறுப்பினத்தவருக்குப் பணம் அளித்த பதிவு உள்ளது.

பிரெஞ்சு மருந்தாளர் அலெக்சிஸ் துஷாத்தோ, தம் தந்தப் பல்தொகுதியின் நாற்றம் தாளாது 1774 அளவில் பீங்கானை நாடினார். அம்முறையைச் செம்மைப்படுத்திய பல் மருத்துவர் நிக்கோலா துபுவா த ஷெமான், 1791இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பீங்கான் அழுகாது, ஆனால் சூளையில் சுருங்குவதால் முழுத்தொகுதி ஈறில் சரியாகப் பொருந்தவில்லை. 1808இல் ஜுசெப்பாஞ்சலோ ஃபோன்சி தனித்தனிப் பீங்கான் பற்களை அறிமுகப்படுத்தியதால் இக்குறை தணிந்தது.

ஆயினும் 1815இல் வாட்டர்லூவில் மாண்ட வீரர்களின் பற்களும் விற்பனைக்கு வந்தன. மாற்றுப்பொருள் தோன்றி நாற்பது ஆண்டுகள் கடந்தும் மனிதப் பல் வணிகம் நீடித்தது. 1851இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற கடின ரப்பர், ஈறின் அச்சுக்கேற்ப வார்க்கத்தக்க மலிவான அடித்தளமாயிற்று. அதில் பதித்த பீங்கான் பற்கள் எளியோர்க்கும் எட்டின. மனிதப் பல் வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது. அதனைத் தேய்த்தவை அறவுணர்வினும் பொருத்தமும் விலையுமே எனக் கருத இக்கால வரிசை இடமளிக்கிறது.