மேல்மாடி வாடகை: சிக்காகோ நகரின் இரட்டைக் குடிமனைகள்

சொந்தமாக ஒரு வீடு வேண்டுமென்னும் ஆசை எல்லார்க்கும் உண்டு; அதற்கு வேண்டிய பொருள் எல்லாரிடத்தும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கு மக்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த வழிகளுள் ஒன்று, கடன்பட்டு வீடொன்றை வாங்கி, அதன் ஒரு பகுதியில் தாம் குடியிருந்து, மற்றப் பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கொண்டே கடனைத் தீர்ப்பதாகும். கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மேல்மாடியையோ பக்கத்து அறைகளையோ வாடகைக்கு விட்டு வாழும் குடும்பங்களை நேயர்கள் அறிவர். அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரிலே இம்முறை தெருத் தெருவாக வேரூன்றியது. அதனால் உயர்ந்தோர் யார், வீழ்ந்தோர் யார், அவர்கள் வீழ்ந்தமைக்குக் காரணம் யாது என்பவற்றை அந்நகரின் வரலாறு தெளிவாக எடுத்துக் காட்டுகின்றது.

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே மூண்ட பெருந்தீ, மூன்று நாட்களுக்குள் சிக்காகோ நகரின் ஏறத்தாழ 17,000 கட்டடங்களைச் சாம்பலாக்கி, சுமார் ஒரு இலட்சம் மக்களை வீடற்றவர்களாக்கியது. மரத்தினாற் கட்டிய வீடுகளே அவ்வழிவுக்குப் பெருங் காரணமென உணர்ந்த நகரசபை, புதிய மரவீடுகளைக் கட்டுவதற்கு வரவரக் கடுமையான தடைகளை விதித்தது. செங்கல்லாற் கட்டுவதென்றால் செலவு அதிகம். நகரமோ ஓயாது பெருகியது. 1870இல் ஏறத்தாழ 3 இலட்சமாயிருந்த மக்கள் தொகை, 1890இல் 10 இலட்சத்தையும் 1930இல் 33 இலட்சத்தையும் தாண்டிற்று. இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் வேலை தேடி ஜேர்மனி, போலந்து, பொகீமியா, லிதுவேனியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள், நாட்கூலியையே நம்பி வாழ்ந்தவர்கள். செலவு மிக்க செங்கல் வீட்டை அவர்கள் எங்ஙனம் வாங்குவது?

அதற்கு விடையாக அமைந்ததே இரட்டைக் குடிமனை. சிக்காகோவில் ஒரு காணித்துண்டு பெரும்பாலும் 25 அடி அகலமும் 125 அடி நீளமும் உடையது. இவ்வொடுங்கிய நிலத்திலே இரண்டு மாடிகளைக் கொண்ட வீட்டை எழுப்பி, ஒவ்வொரு மாடியையும் தனித்தனியான முழுக் குடிமனையாக அமைத்தனர். தெருவை நோக்கிக் கூடமும், நடுவே படுக்கையறைகளும், பின்புறத்தே சமையலறையும், அதற்கப்பால் மரப்படியோடு கூடிய தாழ்வாரமும் இருந்தன. உடைமையாளன் ஒரு மாடியிலும் வாடகைக்கு இருப்போன் மற்றதிலும் வாழ்ந்தனர். சில வீடுகளின் முகப்பு இந்தியானா மாநிலத்துச் சாம்பல்நிறச் சுண்ணக்கல்லால் அலங்கரிக்கப்பட்டது. கூரை ஒன்று, அத்திவாரம் ஒன்று, நிலம் ஒன்று. ஆனால், வருமானத்துக்குரிய குடிகள் இரண்டு. ஆதலால், தனி வீட்டினும் சற்றே கூடிய செலவில் இரண்டு வீடுகளின் பயன் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் 1920ஆம் ஆண்டுகள் வரையில் இத்தகைய வீடுகள் பெருந்தொகையாக எழுந்தன.

கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்து வங்கிகள் தொழிலாளருக்கு இலகுவிற் கடன் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் வீட்டு விலையிற் பாதியளவே கொடுத்து, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் முதல் முழுவதையும் ஒருங்கே திருப்பிக் கேட்கும். ஆகவே, பொகீமியரும் போலந்தினரும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே கட்டடக் கடன் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். அங்கத்தவர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் சிறு தொகையைச் செலுத்துவர். சேர்ந்த பணம் வீடு கட்டுவோருக்குக் கடனாக வழங்கப்படும். வாங்கியவர் அதனைச் சிறு தவணைகளாகப் பல ஆண்டுகளிற் கட்டி முடிப்பர். நம்மவரின் சீட்டு முறையை ஒருவாறு ஒத்த இவ்வேற்பாட்டிலே, கடன் கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரையொருவர் அறிந்தவராயிருந்தமையே பெரிய காவலாயிற்று.

ஆயினும், எல்லாரும் இத்தகைய காவலைப் பெற்றிலர். 1906இல் அப்டன் சிங்கிளெயர் என்னும் ஆசிரியர் வெளியிட்ட ‘காடு’ எனப் பொருள்படும் பெயரினையுடைய நாவல், சிக்காகோவுக்கு வந்த லிதுவேனியக் குடும்பமொன்றின் கதையைக் கூறுகின்றது. தவணை முறையில் வீடு வாங்கிய அக்குடும்பத்தினர், தவணைக்கு மேலாக வட்டியும் உண்டென்பதைப் பின்னரே அறிகின்றனர். ஈற்றில் வீட்டை இழக்கின்றனர். அவ்வீடு மீண்டும் வர்ணம் பூசப்பட்டுப் புது வீடென வேறொருவருக்கு விற்கப்படுகின்றது. இது கற்பனைக் கதையே. ஆயினும், உறுதியைப் படித்தறியாது ஒப்பமிடுவோர் அடையும் துன்பத்தை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

1929இல் வந்த பொருளாதார மந்தம், இரட்டைக் குடிமனையின் உள்ளார்ந்த பலவீனத்தை வெளிப்படுத்தியது. மேல்மாடியில் இருப்பவன் வேலையிழந்தால் வாடகை நின்றுவிடும்; வாடகை நின்றால் கீழ்மாடியில் இருப்பவன் தவணை கட்ட முடியாது. அதே ஆலையில் அவனும் வேலையிழந்திருந்தால் இருவரும் ஒருங்கே வீழ்வர். 1933இல் அமெரிக்கா முழுவதிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடன்காரர் கைக்குப் போயின என்பர். அவ்வாண்டிலே ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அரசாங்கம் வீட்டுடைமையாளர் கடன் கழகத்தை நிறுவி, குறுகிய காலக் கடன்களை 15 ஆண்டுத் தவணைக் கடன்களாக மாற்றிக் கொடுத்தது. 1934இல் தோன்றிய சமஷ்டி வீடமைப்பு நிருவாகம், ஒன்று முதல் நான்கு குடிமனைகள் வரை கொண்ட வீடுகளுக்கான கடன்களுக்கு அரசாங்கக் காப்புறுதி அளித்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கும் கடன் உத்தரவாதம் வழங்கிற்று. இன்று அந்நாட்டிலே இளங்குடும்பங்கள் நான்கு மனை வீடொன்றைச் சிறு முற்பணத்தோடு வாங்கி, ஒன்றிற் குடியிருந்து மூன்றை வாடகைக்கு விடுவது இந்த ஏற்பாடுகளின் பயனேயாகும்.

ஆனால், இப்பயன் எல்லாருக்கும் உரியதாகவில்லை. கடன் கழகத்தின் அலுவலர் நகரங்களைப் பிரித்து வரைந்த படங்களில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்கள் இடப்பட்டன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. வீடமைப்பு நிருவாகமும் அத்தகைய பகுதிகளிற் கடனுக்குக் காப்புறுதி அளிக்க மறுத்தது. தென் மாநிலங்களிலிருந்து சிக்காகோவுக்கு வந்த கறுப்பின மக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காமற் போகவே, அவர்கள் ‘ஒப்பந்த விற்பனை’ என்னும் பொறியிற் சிக்கினர். இம்முறையில் வாங்குபவர் மாதந்தோறும் தவணை கட்டுவார். கடைசித் தவணை தீரும் வரை உறுதி விற்பவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் அதுவரை கட்டிய யாவற்றையும் இழந்து வெளியேற நேரிடும். வட லோண்டேல் என்னும் பகுதியில் 12,000 டொலருக்கு வாங்கப்பட்ட வீடொன்று, சிறிது காலத்துள், 1961இல், 27,500 டொலருக்கு இவ்வாறு விற்கப்பட்டமை பதிவாகியுள்ளது.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இம்மக்களும் பொகீமியர் செய்ததையே செய்தனர்: ஒரு மாடியில் இருந்துகொண்டு மறு மாடியை வாடகைக்கு விட்டனர். ஆனால், இருமடங்கு விலையின் தவணையை ஒரு மாடி வாடகை தாங்கவில்லை. ஆகவே, மனைகளை அறை அறையாகப் பிரித்தனர். நிலக்கீழ் அறைகளிலும் குடியிருத்தினர். வீட்டைச் செப்பனிட ஒதுக்க வேண்டிய பணத்தையும் தவணைக்கே செலுத்தினர். வீடுகள் நெருக்கடியாற் பழுதுற்றன. அப்பழுதைக் கண்டோர் குடியிருந்த மக்களையே பழித்தனர். கடன் பத்திரத்தின் விதிகளை எவரும் எண்ணிப் பார்த்திலர். முந்தியவர்களுக்கு ஏணியாக அமைந்த வீடு பிந்தியவர்களுக்கு விலங்காயிற்று. வீட்டின் அமைப்பு மாறவில்லை. கடனின் நியாயமே மாறியது.

1966ஆம் ஆண்டு ஜனவரியில் மாட்டின் லூதர் கிங் இவ்வட லோண்டேலிலே பழுதுற்ற குடிமனையொன்றில் வந்து தங்கி, வீடமைப்பு நீதிக்கான இயக்கத்தை நடத்தினார். 1968இல் அப்பகுதி மக்கள் ஒப்பந்தக் கொள்வனவாளர் கழகத்தை அமைத்து, தவணை கட்டுவதை நிறுத்திப் போராடினர். நீதிமன்றில் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லையாயினும், பல நூறு குடும்பங்கள் தம் ஒப்பந்தங்களை நியாயமான முறையிற் திருத்திக்கொண்டன. அதே ஆண்டு ஏப்பிரலில் நிறைவேறிய நியாய வீடமைப்புச் சட்டம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்தது. ஆனால், நான்கு மனைகளுக்கு மேற்படாத வீட்டில் உடைமையாளரே குடியிருந்தால், அவருக்குப் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. தம் வீட்டறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் மேர்பி அம்மையார் எனும் கற்பனைப் பெண்ணொருத்தியை விவாதத்தில் எடுத்துக்காட்டியமையால், இவ்விலக்கு அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம், 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன வேற்றுமைக்கு எவ்விதத்திலும் இடமில்லை எனத் தீர்ப்பளித்தது.

பின்னர் 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் இரட்டைக் குடிமனைகள் பல மீண்டும் கடன்காரர் வசமாயின. ஒழுங்காக வாடகை கட்டி வந்த மேல்மாடிக் குடும்பங்களும் உடைமையாளரின் கடனால் தெருவுக்கு வந்தன. அத்தகையோருக்கு முன்னறிவித்தலும் காலஅவகாசமும் அளிக்கும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. இடையிலே காலாவதியான அது 2018இல் நிரந்தரமாக்கப்பட்டது.

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுக் கடன் தீர்க்க எண்ணுவோர்க்கு இவ்வரலாறு சில பாடங்களைத் தருகின்றது. முதலாவது, வாடகை முழுவதையும் வருமானமெனக் கொள்ளலாகாது. அமெரிக்கக் கடனளிப்போர் வாடகையில் 75 வீதத்தையே பொதுவாகக் கணக்கில் எடுப்பர். மிகுதி, வீடு வெறுமையாயிருக்கும் காலத்துக்கும் செப்பனிடும் செலவுக்கும் உரியது. மாத வாடகை 40,000 ரூபா எனின் 30,000 ரூபாவே கைக்கு வருமென எண்ணுதல் அறிவுடைமை. இரண்டாவது, வாடகை நின்றாலும் சில மாதங்களுக்குத் தவணை கட்டப் போதிய சேமிப்பு வேண்டும். மூன்றாவது, வட்டி எவ்வளவு, உறுதி யார் பெயரில், தவணை தவறினால் நேர்வது யாது என்னும் மூன்றையும் ஒப்பமிடுமுன் தெளிந்து கொள்ளல் வேண்டும். நான்காவது, மேல்மாடியில் வாழ்பவரும் ஒரு குடும்பத்தினரே. வீட்டைச் செம்மையாக வைத்திருத்தல் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

இன்றும் சிக்காகோ நகர மனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, இரண்டு முதல் நான்கு குடிகள் வாழும் இத்தகைய சிறு கட்டடங்களிலேயே உள்ளது. அவற்றுட் பழையனவாகிய செங்கற் சுவர்கள் நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கின்றன. அவற்றினுள் வாழ்ந்தோர் நிலைத்ததும் நிலைகுலைந்ததும், அவர்கள் ஒப்பமிட்ட கடன் பத்திரங்களைப் பொறுத்தே அமைந்தன.